பன்றியின் தட்டும் பெரியவரின் தட்டும்

நாகர்கோவிலில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பண்ணைப் பன்றிகளின் சாணத்திலும், வயிற்றுப்போக்கோடு வருபவர்களின் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்று மூடிபோட்ட சிறு தட்டுகளில் வளர்த்துப் பார்ப்போம்.

ஒருநாள் இரண்டு தட்டுகளில் அந்தக் கிருமிக்கே உரிய கறுத்த புள்ளிகள் முளைத்திருந்தன. வகை பிரித்துப் பார்த்தாலும் ஒரே கிருமி. ஒன்று, புதுக்கடைப் பக்கம் நோய்நொடியில்லாமல் கொழுத்து நின்ற பன்றியுடையது. மற்றது, அதே ஊர்ச் சைவப் பெரியவருடையது.

பெரியவரிடம் விசாரிக்கப் போனேன். "பன்னியை நாங்க ஏறெடுத்தும் பாக்கமாட்டோம்" என்று கடிந்துகொண்டார்.

"வெள்ளரிக்கா பச்சையா தின்பியளா?"

"பின்னே? நம்ம தோட்டத்துல உள்ளதாக்கும். பன்னிப் பண்ணைச் சாணி போட்டாத்தான் நல்லா காய்க்கும்."

திரும்பிவந்து தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒட்டிய சீட்டு இல்லையென்றால் எது பன்றி, எது பெரியவர் என்று எனக்கே தெரியாது.