இரைச்சல் நின்ற பிறகு

இது நடந்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன். நம்பாதவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். நான் யார் காலிலும் விழப்போவதில்லை. உங்களைப் பயமுறுத்தவேண்டும் என்றுகூட இதை எழுதவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சவுண்ட்காரன். மைக், ஆம்ப்ளிஃபயர், வயர்... இதுதான் பிழைப்பு. மேடையில் பேசி நிகழ்ச்சியை நடத்துவது என் மனைவி. அன்று சாயங்காலம் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மதியம் சாப்பிட்ட கையோடு ஹாலுக்குப் போய்விட்டோம். தரைக்குக் கீழே இருக்கும் ஹால். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

வாசலிலேயே தகராறு. என் ஆம்ப்ளிஃபயரை உள்ளே விடமாட்டேன் என்று மேனேஜர் வழிமறித்தார்.

"ஹாலோடதுதான் போடணும் தம்பி. அதான் இங்க வழக்கம்."

"அது என் வயசுக்கு மூத்ததா இருக்கே சார்!"

"பெரியவங்களுக்கு மரியாதை குடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை.

ஒரு மூட்டை வயரைக் கொண்டுவந்து கொட்டினார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடார் வயரின் நுனியை வெட்டி மைக்குக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். மைக்கிலிருந்து வருவது எறும்பு நடக்கிற அளவு சிக்னல். அதற்கு மூன்று முள் வைத்த வயர்தான் போடவேண்டும். இல்லாவிட்டால் ஊரில் இருக்கிற சத்தமெல்லாம் உள்ளே குடியேறிவிடும். மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு என் வயரை எடுத்தேன். மைக்கை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். பாட்டு போடுவதற்காக ஹால் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு வயர் இழுத்து அதையும் மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் பிளக் அலமாரிக்குப் பின்னால் எங்கோ இருந்தது. ஸ்விட்சை மட்டும் போட்டேன்.

உர்ர்ர்ர்ர்ர்...

ஹால் முழுக்க இரைச்சல். மேடையிலிருந்து மனைவி கத்தினாள்.

"என்னங்க, காலையிலேர்ந்து நீங்க உறுமினது பத்தாதுன்னு இப்ப அதுவும் உறுமுதே!"

"உன் வேலையைப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்குங்க. நின்னுடும். பாட்டு போடறப்ப மட்டும் மாட்டிக்கலாம்."

பிடுங்கினேன். நின்றது.

சுத்தமாக நின்றது. இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் கையில் இருந்த வயர்... சுட்டது. வெறும் பாட்டு போகிற வயர் எதற்குச் சுட வேண்டும்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவன் எங்கே யோசிக்கிறான்?

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"செக்... ஒன்... டூ..."

ஆண் குரல். நல்ல கனத்த குரல். தொழில் தெரிந்த ஆள் மைக் சோதிக்கிற தோரணை.

மேடையைப் பார்த்தேன். மைக் ஸ்டாண்டில் தனியாக நின்றது. பக்கத்தில் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி. வேறு யாருமில்லை.

"யாருய்யா அது? வேலை நேரத்துல விளையாட்டா?"

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"செக்... ஒன்... டூ..."

அப்புறம் ஒரு சத்தம். டொம். மைக் தரையில் விழுந்து உருளுகிற சத்தம். கர்ர்... கர்ர்... டக்.

மைக் ஸ்டாண்டிலேயே இருந்தது.

மறுபடி அதே குரல். மறுபடி 'டூ'. மறுபடி டொம். ஒரு தடவைகூட 'த்ரீ' வரவில்லை.

எனக்குத் தலைக்கேறியது. ஹெட்போன் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். நுனி என் மடியில் கிடந்தது. எதிலும் மாட்டப்படாமல்.

"செக்... ஒன்..."

காதுக்குள் கேட்டது.



மேடையில் மனைவி. முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். ஈரக் கை. இடது கை இரும்புக் கைப்பிடியில். வலது கை மைக்கை நோக்கி...

"டூ..."

இந்தத் தடவை டொம் வரவில்லை.

மூச்சு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"வயரை மாட்டுடா!"

அப்படி ஒரு கோபத்தை நான் எந்த மனுஷன் குரலிலும் கேட்டதில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வயரை எடுத்தது. ஆம்ப்ளிஃபயரில் குத்தியது.

நுனியில் நீலமாகப் பொறி.

உர்ர்ர்ர்ர்ர்ர்...

மனைவி அலறிக்கொண்டு காதைப் பொத்தினாள். பின்னால் போய் விழுந்தாள்.

மைக்கைத் தொடவில்லை.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் அலமாரியை இழுத்துத் தள்ளினேன். பிளக்கில், கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் கால் இல்லை. ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. போக வழியில்லாமல் கம்ப்யூட்டர் வயர் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. இரைச்சல் அதுதான். வயர் சுட்டதும் அதனால்தான். நான் வயரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. கரண்ட் மைக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இரும்புக் கைப்பிடியைப் பிடித்தபடி மைக்கைத் தொடுகிறவர் உடம்புதான் அதற்கு அடுத்த வழி.

மேனேஜரின் சட்டையைப் பிடித்தேன்.

"எவன்யா அறுத்தது?"

அவருக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். மெயினை அணைத்து, இரைச்சல் அடங்கி, நான் அலமாரியைத் தள்ளி முடித்தும்... கையை எடுக்கவில்லை.

விழாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மனைவியை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். மறுநாள் அந்த ஹாலின் பழைய எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்டேன்.

"அட, அந்த எமன் இன்னும் ஓடுதா?" என்றார். "சவுண்ட்காரர் ஒருத்தரு அதுலதான் போனாரு. மைக் டெஸ்ட் பண்ணும்போது. ஒரு கை கைப்பிடியில, ஒரு கை மைக்குல. ஹார்ட் அட்டாக்னு எழுதி மூடிட்டாங்க. பிளக்கை மாத்துய்யான்னு மேனேஜர்கிட்ட நானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சரி சரின்னான். மாத்தலியா?"

"அப்போ ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல யார் இருந்தாங்க?"

"இந்த மேனேஜர்தான். இரைச்சல் வருதுன்னு கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினதே இவன்தானே. கரண்ட் பிடிச்சதும் அந்த மனுஷன் கத்தினாரு, வயரை மாட்டுடான்னு. வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு. இவன் மாட்டல. பயந்து ஓடிட்டான்."

நான் எழுந்து வந்துவிட்டேன். நடந்துகொண்டே இருந்தேன். ஒரே ஒரு காட்சிதான் கண்ணில் நின்றது.

பொறி பறப்பதற்கு முன்பு, இரைச்சல் தொடங்குவதற்கு முன்பு, ஹால் நிசப்தமாக இருந்தபோதே, என் எதிரே ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடியில் மேனேஜரின் உருவம் தெரிந்தது. அப்போதே அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது.

அந்த 'டா'... எனக்குச் சொன்னது இல்லை.