பள்ளத்துக்கு வைத்த பொங்கல்

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கடிதத்தை என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை தேதியிட்டது. வீட்டார் கவனிக்க வேண்டியவை என்று அதில் மூன்று இருக்கின்றன: காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, வீக்கம். பள்ளம் என்ற சொல் அதில் இல்லை. அதனால் பள்ளம் எங்களுக்கு நல்ல செய்தியாகிவிட்டது.

நோயாளி என் தங்கையின் கணவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷினின் ஒரு முனையைப் பிடிப்பவர். பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். மூளை வீங்கியது. அழுத்தம் குறைய இடப்பக்க மண்டையோட்டில் உள்ளங்கையளவு எலும்பை எடுத்து, அதை மருத்துவமனையிலேயே உறைய வைத்துவிட்டு, தோலை மட்டும் மூடி அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து எலும்பைத் திரும்ப வைப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபோது அந்த இடம் பணியாரம் போல உப்பியிருந்தது. கொஞ்சம் திக்கினாலும் பேசினார்.

ஐந்தாம் வாரம் உப்பல் தணிந்தது. ஆறாம் வாரம் கிண்ணம் போல உள்ளே போயிற்று.

"வீக்கம் வத்திருச்சுண்ணே!" என்று தங்கை லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கூவினாள். வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் பொங்கல் வைத்தோம். ஒருவன் தலையில் பள்ளம் விழுந்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்ன குடும்பம் இந்த மலையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். முந்திரி வேறு தாராளமாகப் போட்டோம்.

குணமானவரைப் படுக்க விடலாமா? பகலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒரு மணி நேரத்தில் வாய் கோணியது, வலது கை தொங்கியது, பேச்சு குழறியது. படுத்தால் சரியாயிற்று. பார்க்க வந்த தண்டல், அதாவது அவருடைய வேலைக் கும்பலின் மேஸ்திரி, உடனே நோயைக் கண்டுபிடித்தார்.

"படுத்தா பேச்சு, உக்காந்தா எம்சி, மெடிக்கல் லீவு! நடிப்புலா இது."

"கையத் தூக்கவே முடியலண்ணே," என்றாள் தங்கை.

"தூக்குனா மிஷினப் பிடிக்கச் சொல்லிருவாங்கள்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் நான். "10.40, உட்கார்ந்திருக்கிறார், குழறல். 11.15, படுத்திருக்கிறார், தெளிவு" என்று பதினொரு நாள் எழுதினேன். மழையளவு குறிப்பது போலக் குறித்தேனே தவிர, எழுதியதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் படுத்திருந்தபோது அவர் சொன்னார்: "மச்சான், என்னைய உக்கார வைக்காதீங்க. உக்காந்தா வார்த்தையெல்லாம் எங்கேயோ போயிருது." அதையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு, அவரைத் தூக்கி உட்கார வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் படுத்தும் பேச்சு வரவில்லை. வேனில் மலையிறக்கிக் கொண்டுபோனோம். டாக்டர் பெண் எங்கள் மொழிக்காரி. என் குறிப்பேட்டை முழுதும் படித்தாள்.

"இவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க அங்கிள். ஏன் ஒரு ஃபோன் போடல?"

எலும்பு இல்லாத இடத்தில் வெளிக்காற்றே தோலை மூளைமேல் அழுத்தும், நிமிர்ந்தால் இன்னும் அழுத்தும், வீக்கத்தைப் போல இந்தப் பள்ளமும் ஆபத்துதான் என்று விளக்கினாள். அந்த வாரமே எலும்பைப் பொருத்தினார்கள்.

தண்டல் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "நான் அப்பவே சொன்னேன்லா, டாக்டர்ட்ட காட்டுங்கன்னு." குறிப்பேட்டில் அப்படிப் பதிவில்லை.

பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இனி மிஷின் பிடிக்க முடியாது. அந்த விரல்கள் மோட்டாரிலிருந்து விழுந்தபோதே போனவையா, நாற்காலியில் வைத்து நாங்கள் போக்கியவையா? முதலில் வீட்டுக்கு வந்த நாளில் மடங்கின என்கிறாள் தங்கை. அவருக்கு நினைவில்லை. டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூட எழுதியிருக்கிறேன். விரல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவை எப்போது போயின என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.