முதுகு காட்டி நின்றவன்

என் தம்பி லூதர் கில்லரி அமெரிக்கக் கால்பந்து ஆடித் திரிந்த காலத்தில், எங்கள் ஊர் ஓப்பலூசாஸில் அவனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். "இந்த வாரம் எந்த டீம்ல இருக்கான்?" என்பார்கள். நான் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிற கடை வைத்திருப்பவள். தலையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்திலும் வாய் சும்மா இராது. "எர்னஸ்டீன், உன் தம்பிய இதுவரைக்கும் எத்தன டீம் கழட்டி விட்டுச்சு?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். நான் சீப்பைக் கீழே வைப்பேன். "எத்தன டீம் கூப்பிட்டுச்சுன்னு கேளு. உன் வீட்டுல யாரையாவது ஒரு டீமாவது கூப்பிட்டுச்சா?" அதோடு அடங்கிவிடுவாள்.

லூதர் ஆடியது முன்வரிசையில். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்களே, அவர்களில் ஒருவன். அவன் கைக்குப் பந்து வரவே வராது. தொலைக்காட்சியில் அவன் பெயரைச் சொன்னால் ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று பொருள். சின்னக் கல்லூரியில் ஆடியவன். பெரிய லீக்கின் அணிகள் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்த நாளில் அவன் பெயரை யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் பயிற்சி முகாமுக்கு ஆள் அதிகம் தேவை என்று ஓர் அணி கூப்பிட்டது. போனான். ஆகஸ்ட் முடிவதற்குள் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். காலையில் ஒருவன் தங்குமிடத்தின் நடைவழியில் வருவான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவன் யார் கதவைத் தட்டுகிறானோ, அந்த ஆளுக்கு வேலை போயிற்று. "கோச் கூப்பிடறார். பிளேபுக்க எடுத்துட்டு வா." ஆட்டத் திட்டங்கள் அடங்கிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்; அவ்வளவுதான் செய்தி. துல்சாவில் லூதருக்கு அது பிறந்தநாளன்று நடந்தது. பர்மிங்ஹாமில் அவனை யாரும் நீக்கவில்லை. பருவத்தின் நடுவில் அந்த லீக்கே மூழ்கிப் போனது. கனடாவுக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுக்கக் காது மரத்துப்போய்த் திரும்பினான்.

மற்ற ஆட்டக்காரர்கள் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்கள், எந்த நேரமும் கிளம்ப வேண்டிவரும் என்று. லூதர் நேர்மாறு. போன அன்றே சட்டைகளை எல்லாம் மாட்டி, அம்மா படத்தைச் சுவரில் அடித்து, சமையல் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவான். "நாளைக்கே துரத்திருவாங்கடா" என்று அறைத்தோழன் பெர்சி சிரிப்பானாம். "துரத்தறது அவன் வேல. குடியிருக்கறது என் வேல" என்பானாம் இவன்.

எண்பத்தேழாம் வருஷம் மெம்ஃபிஸ் அணியின் முகாமில் இருந்தான். வேட் கோல்சன் என்று ஒரு மூத்தவர். அவர் இடத்துக்குத்தான் இவன் மாற்று. ஆகஸ்ட் வெயில் முழுவதும் அடி வாங்கினான். கடைசி வாரத்தில் கதவு தட்டப்பட்டது. ஊருக்கு வந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கூடை சுமக்கப் போனான்.

செப்டம்பரில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மசியவில்லை. வெளியே நிற்பவர்கள் இடத்தில் வேறு ஆட்களை வைத்து ஆட்டத்தை நடத்துவோம் என்றார்கள். முன்பு துரத்தப்பட்டவர்களை எல்லாம் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

மெம்ஃபிஸ் அணியின் அலுவலகத்திலிருந்து ஹாஸ்கல் என்கிற ஆள் என் கடைக்குத்தான் ஃபோன் செய்தான். லூதரை வெளியே அனுப்பியவனும் அவனே. லூதர் அப்போது மதியச் சோற்றுக்கு வந்து, கால் மண்ணோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஃபோனைக் கொடுத்தேன். கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் முடி உலர்த்துகிற இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"மொத ஆட்டத்துலேயே எறக்குறோம் லூதர். நீ ஆசப்பட்டது இதுதான? எடம் காலியா இருக்கு" என்று ஹாஸ்கல் சொன்னது வெளியே எங்களுக்கே கேட்டது.

"கோல்சன் அண்ணன் எடமா?"

"ஆமா."

"அவரு செத்துட்டாரா?"

"என்னப்பா பேசற? மைதான வாசல்ல கோஷ அட்டையப் பிடிச்சிட்டு நிக்கிறாரு."

"நிக்கிறாருன்னா எடம் காலி இல்ல சார். ஆள் நிக்கிறாருன்னுதான் அர்த்தம்."

"டேய், யோசிச்சுப் பேசு. இதுக்கப்புறம் ஒருத்தன் உன்னத் தேட மாட்டான்."

"நீங்க தேடறப்ப மட்டும் வர்றதுக்கு நான் என்ன காணாமப்போன செருப்பா?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, மீதிச் சோற்றைத் தின்னப் போனான்.

கிழங்குக் கிடங்கு முதலாளியின் மனைவி ஓடில் அம்மா நாற்காலியிலிருந்து சொன்னாள்: "கிறுக்கு. சுத்தக் கிறுக்கு." அவள் தலையை அன்று நான் கொஞ்சம் அழுத்தியே வாரினேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்போ என்கிற எங்கள் ஊர்க் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. கரண்டியை மேசைமேல் எறிந்தாள்.

"இத்தன வருஷமா அந்த ஒரு எடத்துக்காகத்தான ஊர் ஊரா அலஞ்ச? இப்ப தானா வருது, வேணாங்கற?"

"இன்னொருத்தன் நாற்காலிய இழுத்துப் போட்டு என்ன உக்காரச் சொல்றாங்கம்மா. எனக்கு அப்படிப் பண்ணப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கோல்சன் உன்னப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சிருப்பானா?"

"நெனச்சிருக்க மாட்டாரு."

"அப்புறம்?"

"அவருக்காகன்னு யாரு சொன்னா? ஹாஸ்கல் விரல ஆட்டினா நான் போகணுமா? நான் மெம்ஃபிஸ் போறேம்மா. போறேன். வாசலுக்கு வெளிய நிக்கப் போறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், புத்தி சொல்வேன் என்று. நான் லாரிச் சாவியை எடுத்து லூதரிடம் காட்டினேன். "நான்தான் ஓட்டுவேன். நீ ஓட்டினா பாட்டு மாத்தறேன்னு ரேடியோவத் திருகியே உடைப்ப."

மெம்ஃபிஸ் மைதானத்தின் வாசலில் அட்டை பிடித்து நின்றவர்களுக்கு லூதரை அடையாளம் தெரியவில்லை. ஒருவன் நேரே வந்து மார்பில் கை வைத்தான். "உள்ள போக வந்தவனா நீ?" கோல்சன் திரும்பிப் பார்த்து, "ஏய், இவன் ஆகஸ்ட்ல நம்மோட இருந்தான்ல? லூயிஸு?" என்றார்.

"லூதர்."

"உன்னத்தான் கழட்டிட்டாங்களே! நீ எதுக்கு வேலநிறுத்தம் பண்ற? உனக்கு வேலையே இல்லையே!"

"உங்க எடத்துக்குக் கூப்பிட்டாங்க அண்ணே. வரலன்னு ஃபோன்ல சொல்லிட்டேன். நேர்லயும் சொல்லலாம்னு வந்தேன்."

கோல்சன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையிலிருந்த அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, வேலியில் சாய்ந்திருந்த இன்னொன்றைப் போய் எடுத்து வந்தார்.

மாற்று ஆட்களை ஏற்றிய பேருந்து வந்தபோது முட்டைகள் பறந்தன. ஜன்னலோரம் பெர்சி உட்கார்ந்திருந்தான், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. லூதர் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"பெர்சி! முட்டி எப்படிடா இருக்கு?"

பெர்சி கையை எடுத்தான். "தாங்குது. எனக்கு மூணு பிள்ளைங்கடா லூதர்."

"உன்ன எவன் கேட்டான்? இடது காலுக்கு நல்லாக் கட்டுப் போட்டுக்க."

என்னிடம் திரும்பி வந்து, "அவன் மேல யாரும் முட்ட எறியாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல அக்கா. நான் எறியல, அவ்வளவுதான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கேட்டால் வெயில் என்பான்.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. அணியின் குவார்ட்டர்பேக்கே மனம் மாறி உள்ளே போக முடிவெடுத்தான். டக் ஹார்லன். சுவரொட்டியில் எல்லாம் அவன் முகம்தான். வெள்ளை நிறக் கார் மெதுவாக வந்தது. வாசலில் நின்ற பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள். இத்தனை நாள் அவனைத் தோளில் தூக்கியவர்கள் அல்லவா. லூதர் மட்டும் போய்க் காருக்கு முன்னால் நின்றான்.

ஹார்லன் ஹார்ன் அடித்தான். பிறகு தலையை வெளியே நீட்டினான். "வழி விடுப்பா. யாரு நீ?"

"ஆகஸ்ட் மாசம் பூரா உனக்கு முன்னாடி நின்னவன்."

"உன்ன நான் பாத்ததே இல்ல."

"எப்படிப் பாத்திருப்ப? என் முதுகத்தான பாத்திருப்ப." சொல்லிவிட்டு அப்படியே திரும்பி, முதுகை அவன் பக்கம் காட்டி, முழங்காலை மடக்கி, ஆட்டத்தில் நிற்பதுபோல் குனிந்து நின்றான். "இப்பத் தெரியுதா?"

சிரிப்பு வெடித்தது. கோல்சன் போய் அவனுக்கு வலப்பக்கம் அதேமாதிரி குனிந்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஐந்து பேர், ஒரு காருக்கு முன்னால், சுவர். போலீஸ்காரர்கள் வந்து தள்ளித்தான் அவர்களை விலக்க முடிந்தது. லூதரை நகர்த்த நான்கு பேர் தேவைப்பட்டார்கள். கார் உள்ளே போனது. ஆனால் ஹார்லன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் போனான்.

வேலைநிறுத்தம் தோற்றது. கேட்டது எதுவும் கிடைக்காமல் ஆட்டக்காரர்கள் திரும்பிப் போனார்கள். ஹாஸ்கல் சொன்னதுபோலவே அந்தப் பருவத்தில் லூதரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவன் மறுபடி கிழங்குக் கூடை தூக்கினான். கிடங்கில் ஓடில் அம்மாவின் புருஷன், "புரட்சிக்காரா, அந்தக் கூடைய இங்க வை" என்று கூப்பிட்டபோது, கூடையை அந்த மனிதனின் காலுக்கு ஒரு விரல்கடை தள்ளி இறக்கினான். பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. சாயங்காலம் பள்ளி மைதானத்தில் டிராக்டர் டயரைக் கட்டி இழுத்து ஓடுவான். "இன்னும் எதுக்குடா இது?" என்று அம்மா கேட்டாள். "அவங்க போதும்னு சொன்னாங்க. நான் இன்னும் சொல்லல."

அடுத்த கோடையில் ஓமஹாவிலிருந்து அழைப்பு வந்தது. கோல்சன் அந்த அணிக்கு மாறியிருந்தார். முன்வரிசைக் கோச்சிடம், "ஒருத்தன் இருக்கான். அவன நகத்த நாலு போலீஸ் வேணும்" என்றாராம். லூதர் போனான். இந்த முறை ஆகஸ்ட் முடிந்தும் கதவு தட்டப்படவில்லை.

நவம்பரில் கோல்சனின் தோள் இறங்கிப்போக, முன்வரிசையில் முழு ஆட்டம் லூதருக்குக் கிடைத்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பனி கொட்டியது. ஆட்டம் தொடங்கும் நேரம். வரிசையில் நான்கு பேர்தான் வெளியே வந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு சொன்னான். அவசரத்தில் தைத்த சட்டையில் அவன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கிறது.

"யாருக்குடா தெரியப்போவுது?" என்றானாம் சட்டை கொடுப்பவன்.

"எங்கம்மா மேல உக்காந்திருக்காங்க. தை."

"ஆட்டம் ஆரம்பிக்குதுப்பா!"

"அப்ப சீக்கிரம் தை."

கடைசியாக ஓடி வந்தான். முதுகில் கோணலாக ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. அம்மா எழுந்து நின்று தன் கையுறையைக் கடித்துக்கொண்டாள். அன்று அவன் பக்கத்திலிருந்து ஒருவன்கூட குவார்ட்டர்பேக்கைத் தொடவில்லை. அவன் பெயரைத் தொலைக்காட்சியில் யாரும் சொல்லவும் இல்லை.

ஓமஹாவில் இரண்டு பருவம். அதன்பின் இன்னும் மூன்று ஊர்கள். கடைசியாக ஸ்போகேனில், முட்டி இரண்டும் கல்லாகிவிட்ட பிறகு, மறுபடி கதவு தட்டப்பட்டது. தட்டியவன் இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்த பையன் முகத்தோடு இருந்தானாம். "பின்வாசல்ல வண்டி நிக்குது சார். அந்தப் பக்கமா போயிரலாம். யாரும் பாக்க மாட்டாங்க."

"பாக்கட்டுமே" என்றான் லூதர். "நான் என்ன திருடிட்டா போறேன்?"

தோளில் பையோடு, நொண்டிக்கொண்டு, பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்தின் நடுவாக நடந்தான். கோச் விசில் ஊதினார். லூதர் நிற்கவில்லை. ஒவ்வொருவனிடமும் போய்க் கை கொடுத்தான். அன்று காலைதான் தன் இடத்துக்கு வந்திருந்த புதியவனிடம் சற்று அதிகம் நின்று, "பெட்டியப் பிரிச்சிட்டியா? போய்ப் பிரி" என்றான். பிறகு முன்வாசல் வழியாக வெளியேறினான்.

இப்போது ஊரில் கூரை வேயும் வேலை செய்கிறான். ஏணி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏறுகிறான். கீழே நின்று நான் கத்துகிறேன். மேலிருந்து, "முடி வெட்டற வேலையப் பாரு அக்கா" என்கிறான்.