மலைக்கு முதுகு காட்டிய வான்

செய்தி வந்தபோது நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் தெரிவதில் ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் என்னை வெல்ல ஆளில்லை. கடைக்காரரே தன் வீட்டுக்கு என்னைக் கேட்டுத்தான் எடுப்பார். தொலைபேசியில் பிலோ அக்கா, சூசை அண்ணையின் மனைவி. “தம்பி ராசன், அண்ணை விடியக் காலமை போயிட்டார்” என்றார். பிறகு அக்கா கேட்டார்: “உம்மட கார் எந்தப் பக்கம் பார்க்க நிக்குது?”

“ரோட்டைப் பார்க்கத்தான் அக்கா.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

கணவனை இழந்த அன்று ஒரு மனிசி இப்படிக் கேட்பாரா என்று நீங்கள் யோசிப்பீர்கள். அந்தக் கேள்வியை விளக்கத்தான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், இந்த நினைவு மலரில் எழுத ஒத்துக்கொண்டேன். படித்தவர்கள் மற்றப் பக்கங்களில் எழுதுவார்கள். இந்த விசயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னாரில் பிறந்து, ஜேர்மனியில் பல வருடம் இருந்து, பிறகு மோர்டனுக்கு வந்தவர் அண்ணை. தேவாலயப் பெருநாளுக்குக் கொடிமரம் நடுகிறவராக உங்களுக்கு அவரைத் தெரியும். உங்களில் பாதிப்பேர் வீட்டில் நிலத்துக்குக் காப்பெற் விரித்தவரும் அவர்தான். எனக்கு அவர் மலைக்கும் பாலைவனத்துக்கும் போகிற கூட்டாளி. காப்பெற் ஏற்றிய அதே வெள்ளை வான் வண்டிக்குள் கட்டில் அடித்தார், காஸ் அடுப்பு வைத்தார், பின்கதவை மறைத்துக் கூரை முட்ட அலுமாரி கட்டினார். பக்கங்களில் ஜன்னல் கிடையாது. உள்ளே இருந்து வெளியே பார்ப்பதென்றால் முன்கண்ணாடி ஒன்றுதான் வழி. நான் என் எஸ்டேட் காரில் பின்னால் போவேன். சீற்றை மடக்கிவிட்டால் அது அரண்மனை. முன்னுக்கு அவருடைய அந்தோனியார், பின்னுக்கு என்னுடைய பிள்ளையார். எங்களை எந்தப் பொலிசும் மறித்ததில்லை.

முதலில் ஸ்கொட்லாந்து. அங்கே குளிர் எப்படியென்றால், தேத்தண்ணியை ஊற்றும்போதே உறைந்துவிடும். நாங்கள் கடித்துத்தான் குடித்தோம். ஒரு பெரிய மலை, கீழே ஏரி. அவ்வளவு தூரம் ஓடிவந்த மனிசன் அந்த மலையைக் கண்டதும் என்ன செய்தார் தெரியுமா? வானை முன்னும் பின்னும் எடுத்து, மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினார். இனி முன்கண்ணாடியில் தெரிவது வந்த ரோடு. மலை அலுமாரிக்குப் பின்னால்.

எனக்கு எதையும் ஏனென்று அறியாவிட்டால் சோறு இறங்காது. காற்றுக்காக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காற்று மாறியது, வான் மாறவில்லை. வெயிலுக்கு, பற்றறிக்கு, பொலிசுக்கு என்று ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்தேன். ஸ்பெயினில் காய்ந்த மலைகளுக்குப் போனோம், அங்கேயும் அதே கதை. படுக்கப் போகும்போது வானின் திறப்பை எடுக்காமல் சாவித் துவாரத்திலேயே விடுவார். கழற்றிய சப்பாத்தையும் கதவைப் பார்க்க வைப்பார்.

“ஏன் அண்ணை?” என்று கேட்டால், “உமக்கு ரோட்டில என்ன கோபம் காணும்?” என்பார்.

ஆளை லேசில் மடக்க முடியாது. மொரோக்கோவில், அற்லஸ் மலையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே சோறு வைத்தோம். தண்ணீர் சட்டென்று கொதித்தது, அரிசி மட்டும் கல்லாகவே கிடந்தது. அடுப்பு பழுது என்று நான் கழற்ற வெளிக்கிட்டேன். அண்ணை மறித்தார். “உயரத்தில தண்ணி கெதியாய்க் கொதிக்கும், சோறுதான் அவியாது. எங்கட சனத்திலயும் அப்பிடி ஆக்கள் இருக்கினம்” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையால் இறங்கிப் பாலைவன ஓரத்தில் நின்ற அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. நின்ற இடம் இறுக்கமான நிலம். நேரே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. அண்ணை மூக்கைத் திருப்பப் போய் வான் அச்சுவரை மணலில் இறங்கிவிட்டது. நான் தனியாகத் தோள்கொடுத்துத் தூக்கினேன். மிச்சத்தைச் சில்லுக்குக் கீழே போட்ட அரிசிச் சாக்குகள் செய்தன. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அரபு தெரியும். அதை அண்ணையும் நம்பவில்லை, அந்தப் பெரியவரும் நம்பவில்லை. அவர் வானைக் காட்டினார், மணல்மேட்டைக் காட்டினார், கையை விரித்தார். ஏன் திருப்பினாய் என்பதற்கு மொழி வேண்டியதில்லை.

“அவர் கேக்கிறார் அண்ணை. இனியாவது சொல்லுங்கோ.”

அண்ணை சாக்கை உதறிக்கொண்டே சொன்னார். “மன்னாரில ஒருக்கால் வானை வேலியைப் பார்க்க விட்டிட்டன். செல் விழுந்து வெடிக்கத் தொடங்கிற்று. சனம் ஏறிற்றுது. ஒடுங்கின ஒழுங்கை. திருப்பி எடுக்கிறதுக்குள்ள...”

அதோடு சாக்கை மடித்து உள்ளே வைத்தார். ஊரில் ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்கிற நான் அன்றைக்கு அதற்குமேல் கேட்கவில்லை.

பிலோ அக்காவுக்கு அந்த மிச்சமும் தெரியும். தெரிந்தும் அவர் வானில் ஏறவே மாட்டேன் என்று நின்றார். “பிழைச்சு வந்து இவ்வளவு காலமாச்சு. இன்னும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க நான் வரமாட்டன். ரோட்டைத்தான் பார்க்கோணும் எண்டால் எனக்கு மோர்டன் ரோட்டே காணும்.” அண்ணை சிரிப்பார். வானை மலைப்பக்கம் திருப்புகிறேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

பிறகு அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. தூர ஓட்டம் இனி ஒரு தடவைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு தடவைக்கு, கேட்காமலே, அக்கா பையை அடுக்கிக்கொண்டு வந்து ஏறினார். திரும்பவும் மொரோக்கோ. இந்த முறையும் வான் மலைப்பக்கம் திரும்பாவிட்டால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரு மலையைப் பார்ப்பது இந்தப் பிறவியில் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். போன இடமெல்லாம் அண்ணை மூக்கை ரோட்டுக்கே திருப்பினார். அக்கா மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் இருப்பார். காற்று தேத்தண்ணிக்குள் மணலை அள்ளிப் போடும். கதிரையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

மலையில் கடைசிக் காலை. விடிந்துகொண்டு வரும்போது என் கார்க் கண்ணாடியில் தட்டுகிற சத்தம்.

“ராசன், உம்மட கார் எங்க பார்க்க நிக்குது?”

“மலையைப் பார்க்க அண்ணை.”

“அதை ரோட்டைப் பார்க்க விடும். திறப்பை எடுக்காதையும். சீற்றை விட்டு இறங்கவும் வேண்டாம்.”

“இந்த ஆடு மேயிற இடத்தில என்ன அண்ணை வரப்போகுது?”

“ஒண்டும் வராது காணும். எண்டாலும் ஒரு ஆள் பார்த்துக்கொண்டு இருக்கோணும்.”

நான் காரைத் திருப்பினேன். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தேன். வான் மெல்ல அசைந்து, ஒருதரம் நின்று, பிறகு முழுதாக மலைப்பக்கம் திரும்பியது. எஞ்சின் நின்றது. அக்கா என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. தேத்தண்ணி ஆறி, திரும்பச் சுடவைத்து, அதுவும் ஆறியிருக்கும். அவ்வளவு நேரம் இருந்தார்கள். பிறகு அண்ணை வந்து என் காரின் கூரையில் தட்டினார். “நீர் பரவாயில்லாத காவல்காரன்” என்றார். அவர் வாயால் நான் வாங்கிய ஒரே பாராட்டு.

அந்த விடியலில் மலை எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் பொன்நிறம், ரெய்னர்ஸ் லேனில் இரத்தச் சிவப்பு, ஒரு கலியாண வீட்டில் ஊதாவும் சொன்னேன். வான் திரும்பி நின்ற பிறகு அன்று காலை நான் பார்த்தது ஒரு வெறும் ரோட்டையும் அதைக் கடந்துபோன ஒரு ஆட்டையும்தான். இதில் மட்டும் நான் ஒன்றும் கூட்டுவதில்லை.

வான் இப்போது மோர்டனில் வீட்டுச் சுவரைப் பார்க்க நிற்கிறது. அந்தப் பயணத்தால் திரும்பி வந்த நாள் அண்ணை தானே அப்படி விட்டார், அக்கா அதை அசைக்க விடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காவல் வேலை. ஒவ்வொரு நாளும் காரைப் பின்பக்கமாக ஏற்றி ரோட்டைப் பார்க்க விடுகிறேன், அண்ணை. இது ஈஸ்ட் ஹாம் என்றபடியால் திறப்பை மட்டும் பொக்கற்றில் வைத்திருக்கிறேன்.