மகனுக்குக் கதவைச் சாத்திய சந்தனம் ஐயா

போன மாதம் வரக்காப்பொலையில் என் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. "மிஸி, நான் மோகன் பேசுறேன்" என்று கேட்டதுமே கீரையைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் குரல் தொலைபேசியில் வந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று பல வருடம் பழகிப்போன மனம்.

"எங்க இருந்து பேசுற? யாரும் புடிச்சிட்டாங்களா?" என்றேன்.

"இல்லீங்க மிஸி. வீட்லதான் இருக்கேன். அப்பா காலையில போயிட்டாங்க."

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் இறப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்த சந்தனம் ஐயாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "பெத்த புள்ளைய வெளிய தள்ளிக் கதவச் சாத்துன மனுசன்" என்று அவரைப் பற்றித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. இழவு வீட்டிலும் அது என் காதில் விழுந்தது. அப்படிச் சொன்னவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருத்தி.

தொண்ணூற்றிரண்டில் நான் மிட்வைஃபாக, தோட்டத்தார் வாயில் 'மிஸி'யாக, அந்தத் தோட்டத்துக்குப் போனபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஐயா, இனி நான். போன முதல் வாரமே இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி காலில் இறங்கிய ஒருவரைக் கீழ்க் கிராமத்திலிருந்து தூக்கி வந்தார்கள். ஐயா அவர் பக்கத்தில் குந்தி, "பய வெண்ட எப்பா, பய வெண்ட எப்பா" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தைத்தார். பயப்படாதே என்று சொன்னவரின் கைதான் அந்த அறையில் அதிகமாக நடுங்கியது. தையல் மட்டும் கோணவில்லை. "எனக்கு ரத்தம்னாலே பயம் மிஸி. நாளைக்கு நீங்களாத் தெரிஞ்சிக்கிறதுக்கு முன்னால இன்னைக்கே சொல்லிப்புடுறேன்" என்றார் கை கழுவும்போது. இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் சத்தத்துக்குப் பயம். மனைவி இறந்த பிறகு, மகன் மோகனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாவற்றையும் மிஞ்சியது.

மோகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். இருபத்து மூன்று வயது. யுத்த காலம்; தமிழ்ப் பையன்களைத் தேடிய ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டு போய் ஏழு வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் பழைய மோகன் இல்லை. படுத்தால் தூக்கமில்லை, தகரம் விழுந்தால் எழுந்து ஓடினான். பார்க்கப் பொறுக்காமல் ஐயா தன் கையாலேயே தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தார். பிறகு ஒன்று. ஐந்தாறு மாதத்தில் அவன் கேட்காமலே எடுத்தான். கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தோடு சேர்த்துக் குடித்தான். "நான்தான் ஆரம்பிச்சி வச்சேன்" என்று ஐயா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்.

அதற்குள் ஆஸ்பத்திரியின் மருந்துப் போத்தல்கள் இலேசாகிக்கொண்டிருந்ததை இருவருமே கவனித்தோம், பேசவில்லை. பேசவைத்தது ஒரு குழந்தை. மழை நாள் ஒன்றில், இரண்டு வயதுப் பிள்ளையை வலிப்போடு தாய் தூக்கி வந்தாள். ஐயா அலுமாரியைத் திறந்து வலிப்புக்கான ஊசி மருந்துப் பெட்டியை எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் எங்கள் தோட்டத்தில் கிடையாது. பால் ஏற்றுகிற லொறியில் தாயையும் பிள்ளையையும் போட்டுக்கொண்டு அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க ஐயா பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்தபடி, வாயைத் துடைத்தபடி வந்தார். பிள்ளை பிழைத்தது. அது பிழைக்கும் என்று அந்த லொறியில் எங்கள் இருவருக்குமே நம்பிக்கை இருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் துரையிடம் போய், "மருந்த எடுத்தது என் மகன். பொறுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தார். துரை வேலையைப் பறிக்கவில்லை, எச்சரித்து விட்டார். அங்கிருந்து நேரே தன் குவாட்டர்ஸுக்கு வந்தவர், என்னையும் கூப்பிட்டார். தனியாகச் சொன்னால் மனம் மாறிவிடும் என்று பயந்திருப்பார். மோகன் வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மோகன், இனி மாத்திரை போட்டுட்டு, குடிச்சிட்டு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொல்லு, இப்பவே கூட வர்றேன். தெளிவா வந்தா சோறு இருக்கு, பாய் இருக்கு. அப்புடி இல்லாட்டி கதவத் தொறக்க மாட்டேன்."

மோகன் சிரித்தான். "வெளிய போனா என்னைய புடிச்சிக்கிட்டுப் போவாங்கன்னு தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றார் ஐயா.

பிறகு சட்டைப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். மகனின் அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், துரை கையெழுத்துப் போட்ட கடிதம். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலேயே அந்தக் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறார். "இத நனைய விட்றாத. ஆமி, பொலிஸ் கேட்டா ஓடாத, நின்னு காட்டு."

மோகன் அதைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் வளைவில் மறைந்ததும் ஐயா அலுமாரிச் சாவியை என் கையில் வைத்தார். "இனி இது ஒங்ககிட்ட இருக்கட்டும் மிஸி. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

மூன்றாம் வாரமே கேட்டார். மோகன் ஓடைக்கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"ரெண்டே ரெண்டு மாத்திர மிஸி. இந்த ஒரு தடவ மட்டும்."

"நீங்கதான ஐயா குடுக்க வேணாம்னீங்க?"

"நான் அப்பன் மிஸி. நீங்க எனக்குச் சட்டம் சொல்லாதீங்க!" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

எனக்கும் பயம். திடீரென்று நிறுத்தினால் அவனுக்கே வலிப்பு வரலாம் என்பது இருவருக்கும் தெரியும். "வாங்க, லொறியில ஏத்தி அவிசாவளைக்குக் கொண்டு போவோம்" என்று நான் முன்னால் நடந்தேன். ஓடைக்கரையில் யாரும் இல்லை. மிதிபட்ட புல் மட்டும் கிடந்தது.

அதன் பிறகு வந்த நான்கு மாதத்தை எப்படிச் சொல்வது! கொழும்பில் குண்டு என்று ரேடியோ சொன்னால் ஐயா முகம் வெளுத்துவிடும். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்துவார். யாரோ ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பொலிஸுக்குப் போனோம். அது மோகன் இல்லை. பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளை. மோகன் இல்லை என்றதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஐயா உடனே திரும்பி வரவில்லை. அந்தப் பையனின் தோட்டத்துப் பெயரைக் கேட்டு, அங்குள்ள மருந்துக்காரருக்குத் தகவல் போகும்வரை அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் நான் அவரிடம், "இதுக்கு வீட்லயே வச்சிருந்திருக்கலாம் ஐயா. கல்லு நெஞ்சு ஒங்களுக்கு" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உள்ள விட்டா செத்துப்போவான் மிஸி. வெளிய விட்டாலும் சாகலாம். எதுல தப்பிப்பான்னு எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பால் வெட்டுக்குப் போய் வந்தவர்களின் வரிசையில் மோகன் ஆறாவது ஆளாக நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஐயா பார்த்துவிட்டார். ஆனாலும் முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் மருந்து கொடுத்து முடித்தார். அவன் முறை வந்ததும் எல்லோரிடமும் கேட்பதுபோல, "என்ன செய்யிது?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா."

அதோடு முடியவில்லை. இரண்டு முறை மறுபடி போதையில் விழுந்தான். இரண்டு முறையும் அதே சொல்லைச் சொல்லி அதே கதவைச் சாத்தினார். மூன்றாம் முறை நிலைத்தது. பிறகு பலாங்கொடையில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். ஐயாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசி ஒன்றரை வருடம் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவன் அவன்தான்.

ஐயாவைக் காடு சேர்த்துவிட்டு வந்த பிறகு மோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்பாவைப் பற்றி லயத்தில் பேசுவது அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"அந்த நாலு மாசமும் நான் சந்தியில பியதாச முதலாளி கடைக்குப் பின்னால சாக்குல படுத்துக் கெடந்தேன் மிஸி. அப்பா ஒங்களுக்குக்கூடச் சொல்லலையா?"

"இல்லையே."

"கொஞ்ச நாள்ல கண்டுபுடிச்சிட்டாங்க. அப்பறம் ஞாயித்துக்கெழம தவறாம வருவாங்க. சோத்துப் பார்சல முதலாளிகிட்ட குடுத்துட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நிப்பாங்க. நான் போதையில இருந்தா கிட்ட வர மாட்டாங்க. கையக் காட்டிக் கூப்புட்டாலும் வர மாட்டாங்க. ஒரு நாள் கண்டபடி ஏசுனேன். அப்பவும் போகல."

"மழை பெஞ்சா?"

"நனைஞ்சிக்கிட்டு நிப்பாங்க. நான் சாப்புட்டு முடிக்கணும். அப்பறந்தான் பஸ் ஏறுவாங்க."

சந்தனம் ஐயாவைத் தெரிந்தவர்கள் அவரை அவரவர் விருப்பம்போல் நினைத்துக்கொள்ளுங்கள். நான் மனசில் வைத்திருப்பது, என் கண்ணால் பார்க்காத அந்த ஒரு காட்சியை. மழையில், சந்தி ரோட்டின் மறுபக்கத்தில், இடிக்குப் பயந்த ஒரு மனிதர், மகன் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை கிட்டவும் வராமல், விலகியும் போகாமல் நின்றுகொண்டிருக்கிறார்.