சினை ஊசிக்காரிக்குப் பொன்னாடை

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். எருமப்பட்டிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் என் கைராசியைச் சொல்வார்கள். பதினைந்து வருடமாகப் பசுவின் பின்பக்கம் முழங்கை வரை கையை விட்டுத்தான் குடும்பத்தை ஓட்டுகிறேன். மகளிர் தினத்துக்கு எனக்குப் பொன்னாடை போர்த்த வந்த விழாக் குழுவுக்கு மட்டும் அதை அச்சடிக்கக் கூச்சம். அழைப்பிதழில் 'சமூக சேவகி' என்று போட்டுவிட்டார்கள்.

விழாவுக்குப் போனதே மகளுக்காகத்தான். ஆறாவது படிக்கிறாள், அச்சு அசலாக என் நிறம். பள்ளியில் 'தார் டின்' என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு மாதமாக வீட்டில் பவுடர் டப்பா தங்குவதில்லை. கருப்பாக ஒருத்தி மேடையில் நிற்க, ஊரே கைதட்டுவதை அவள் பார்க்கட்டும் என்று முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

மேடைக்குப் பின்னால் ஆளுயர பேனர். அதில் என் சேலையைக் கட்டி, என் மூக்குத்தியைப் போட்டு, செக்கச்செவேல் என்று எவளோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். மாவு மில்லிலிருந்து நேராக வந்தவள் மாதிரி இருந்தாள். அங்கேயே நின்ற பேனர் கடைக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"பளிச்சுன்னு இருக்கட்டும்னுதானுங்கக்கா. எல்லா லேடீஸுக்கும் இப்படித்தான் பண்றது. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லைங்க."

மகள் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். "இந்தச் செவத்த அம்மிணி யாருன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "நான் சினை ஊசி போடறவ. உங்க ஊட்டு மாடு பருவத்துக்கு வந்து கத்துனா என்னையத்தானுங்க கூப்பிடோணும்."

பொன்னாடையைக் கழற்றி பேனரில் இருந்த முகத்தை மூடினேன். விழாத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். அப்போது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க, எங்க மாடு காலையில இருந்து கத்துதுங்க. வாரீங்களா?"

"முடிச்சதும் வாரேனுங்க," என்றேன். கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

கீழே இறங்கியதும் பேனர் கடைக்காரர், கோபம் தீரட்டும் என்றோ என்னவோ, செல்போனில் எங்கள் இருவரையும் படம் எடுத்தார். பழக்க தோஷம், விரல் திரையில் எங்கள் முகத்தைத் தேய்க்கப் போனது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதீங்கண்ணா. நாங்க ரெண்டு பேரும் கருப்புதானுங்க."