இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான்

கேப்டனை ஒரே தடவை கூப்பிட்டு வரவழைத்த ஆள் அந்த வீட்டில் கிடையாது. முதல் தடவை கூப்பிடுவது கணக்கில் சேராது என்பது கல்யாணமான புதிதிலேயே அவர் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அடுப்பை அணைப்பதற்கு முன்பே சும்மா ஒரு தடவை கூப்பிட்டு வைத்துவிடுவார். தட்டு மேசைக்கு வந்தபின் கூப்பிடுவதுதான் நிஜக் கூப்பாடு. அதற்குத்தான் மனிதர் அசைவார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவர் டீச்சர்தான், இவர் கேப்டன்தான். மகள் சின்ன வயதில், "உங்க அப்பா பேர் என்ன?" என்று யாரோ கேட்டதற்கு "கேப்டன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த மகள் இப்போது அவர் விமானம் ஓட்டும் அதே கம்பெனியில் துணை விமானி. கேப்டன் நாற்காலிக்கான வரிசையில் வருடக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறாள். மேலே ஒருவர் போனால்தான் கீழே ஒருவர் நகர முடியும். மேலே முதலாவதாக உட்கார்ந்திருப்பவர் அவளைப் பெற்றவரேதான்.

அறுபத்தைந்து வயது முடிந்தால் பயணிகள் விமானத்தை ஓட்டக் கூடாது என்பது சட்டம். கேப்டனுக்கு அது முடிய மூன்று மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்து, அதை அறுபத்தேழாக உயர்த்தலாமா என்று கருத்துக் கேட்க அரசாங்கம் ஒரு குழுவைப் போட்டது. அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விமானி இல்லை என்று புலம்புவது என்ன நியாயம் என்றார்கள் மூத்தவர்கள். விமானி இல்லை என்றால் எங்களை மேலே ஏற்றுங்கள் என்றார்கள் இளையவர்கள். விமானிகள் சங்கம் இரண்டாகப் பிளந்தது, கேப்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் கூடவே பிளந்தது.

"நான் ரிட்டயர் ஆனப்ப ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. குழுவும் போடல, கூட்டமும் போடல" என்றார் டீச்சர்.

கேப்டனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் இளைஞராக இருந்தபோது வரம்பு அறுபதுதான். அதை உயர்த்தச் சொல்லிப் பெரியவர்கள் மனுக் கொடுத்தபோது, "அறுபதே அதிகம்" என்று எதிர்மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். ஒரு மூத்த கேப்டனின் பிரிவு விழாவில் இரண்டு துண்டு கேக் வாங்கிச் சாப்பிட்டவர். தனக்கு அறுபது நெருங்கும்போது வரம்பு அறுபத்தைந்தானது, அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மனிதன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானோ அந்த நாற்காலியின் கருத்துதான் அவனுடையது போலிருக்கிறது. இதை அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

துணிக்கடை விற்பனையாளரின் பிள்ளை அவர். முதலில் பூச்சிமருந்து தெளிக்கும் குட்டி விமானம், பிறகு சரக்கு விமானம், அதன் பிறகுதான் பயணிகள். எல்லாப் பயணிகளையும் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் தரை இறக்கியவர். தலையில் முக்கால்வாசி கறுப்பு, அதுவும் சொந்தக் கறுப்பு. குழுவின் முன்னால் மூத்தவர்கள் சார்பில் பேச ஆள் தேடிய சங்கச் செயலாளர் இவரைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டார். "நீங்க பேசக்கூட வேண்டாம் கேப்டன், சும்மா போய் நின்னாலே போதும்" என்றார். கேப்டனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்ற ஆசை அன்றைக்கே நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இந்த நிலையில்தான் அந்த 'தவுசண்ட்' வந்து குட்டையைக் குழப்பியது.

விமானம் இறங்கும்போது, தரைக்கு மேல் ஆயிரம் அடி வந்ததும், பக்கத்தில் இருக்கும் விமானி "தவுசண்ட்" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓட்டுபவர் "ஸ்டேபிள்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால் இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லை என்றால், ஓட்டுபவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மற்றவர் விமானத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் கூச்சம், தயவு, பெரியவர் சின்னவர் எதுவும் கிடையாது.

அன்று பக்கத்தில் இருந்தவன் ஓர் இளைஞன். கேட்டதற்கு மட்டும் வாய் திறப்பான் என்பதால் எல்லாரும் அவனை மௌனசாமி என்பார்கள். அவன் "தவுசண்ட்" என்றான், கேப்டன் "ஸ்டேபிள்" என்றார், விமானம் பதவிசாக இறங்கியது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் அவன் மெதுவாகக் கேட்டான்.

"சார், முதல் தடவை சொன்னது கேட்கலையா?"

"எந்த முதல் தடவை?"

"ரெண்டு தடவை சொன்னேன் சார். ரெண்டாவதுக்குத்தான் பதில் சொன்னீங்க."

கேப்டன் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பையன் பின்வாங்கிவிட்டான். "நான்தான் சார் முணுமுணுத்திருப்பேன். என் குரலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

அன்றிலிருந்து மண்டை காய்ந்தது. காதுதான் போய்விட்டதோ என்று மருத்துவரிடம் ஓடினார். "முப்பது வயசுப் பையனுக்குக்கூட இப்படிக் கேக்காது" என்று மருத்துவர் பாராட்டி அனுப்பினார். காது நன்றாக இருந்தால் கெட்டது எது? கெட்டது எதுவும் இல்லையென்றால் பையன் பொய் சொன்னானா? அவன் இளையவர்கள் அணி, மேலே இடம் காலியானால் அவனுக்கும் லாபம். ஆனால் பொய் சொல்ல வந்தவன் பழியைத் தன் குரல்மேல் ஏன் போட்டுக்கொள்கிறான்? விமானத்தில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. ஆனால் அதில் பழைய பேச்சின்மேல் புதிய பேச்சு ஏறிக்கொண்டே போகும். அன்று திரும்பி வந்த பயணத்திலேயே அந்தப் பேச்சு அழிந்துபோயிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

டீச்சரிடம் சொன்னார்.

"இதுக்குப் போயா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்தே ரெண்டாவது தடவைதானே உங்களுக்குக் கேக்குது. இதுல வயசு எங்க வந்துச்சு?"

ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். கேப்டனுக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அப்படியென்றால் இத்தனை வருடமும் மேலேயும் இப்படித்தானா? எத்தனை பேர் எத்தனை முதல் தடவைகளை மென்று முழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? இதை யாரைப் பிடித்துக் கேட்பது?

ஓய்வு பெறும் விமானி, பக்கத்தில் இன்னார் வேண்டும் என்று ஒரு பயணத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு சலுகை. கேப்டன் மகளைக் கேட்டார். அவள் இளையவர்கள் சார்பில் அதே குழுவின் முன்னால் பேசப் போகிறவள். இவள் தயவு பார்க்க மாட்டாள், தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள் என்று நம்பினார். மகள் மறு பேச்சில்லாமல் வந்தாள்.

மேலே அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. "கேப்டன், வானிலை வந்திருக்கு", "கேப்டன், காத்து இடப்பக்கம்." அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. இறங்கத் தொடங்கியதும் பெருமை எல்லாம் ஓடிவிட்டது. முதல் தடவையைத் தவற விடக் கூடாது, முதல் தடவையைத் தவற விடக் கூடாது என்று உடம்பெல்லாம் காதாக்கிக் காத்திருந்தார். குரல் வந்தது.

"ஸ்டேபிள்" என்றார் கணீரென்று.

மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் கழித்து, "தவுசண்ட்" என்றாள். கேப்டன் குழம்பிப்போய் மறுபடியும் "ஸ்டேபிள்" என்றார். விமானம் இறங்கியது என்னவோ பூப்போலத்தான். பயணிகள் எல்லாரும் போனபின் மகள் சொன்னாள்.

"அப்பா, நான் சொல்றதுக்கு முன்னாடியே பதில் சொன்னீங்க."

"நீ சொன்னியே."

"இல்லப்பா. அப்ப ஆயிரம் அடிக்கே நாம வந்திருக்கல."

"எனக்குக் கேட்டுதும்மா."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். கேப்டன் யோசித்துப் பார்த்தார். கேட்டது நிஜம். ஆனால் அது மகளுடைய குரல் இல்லை. மௌனசாமியின் குரல். அதை அவளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

குழு கூடிய அறையில் ஏசி, குளிரைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தது. ஒரு பக்கம் மூத்தவர்கள், மறு பக்கம் இளையவர்கள், நடுவில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால் குழுத் தலைவி. முதலில் மகளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்ததும் கேப்டன் நாற்காலி நுனிக்கு வந்தார். அவள் கையில் இருப்பது லேசுப்பட்ட துருப்புச்சீட்டா? அந்த ஒரு 'ஸ்டேபிள்' போதுமே, மூத்தவர்கள் பக்கமே கவிழ்ந்துவிடும். சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தார். எது தன் நிஜ நினைப்பு என்று அவருக்கே பிடிபடவில்லை.

மகள் நன்றாகப் பேசினாள். காத்திருக்கும் வருடங்களைப் பற்றிப் பேசினாள், பயிற்சிக்கு வாங்கிய கடனைப் பற்றிப் பேசினாள், வயது ஏற ஏற எதிர்வினை தாமதமாகும் என்பதைக்கூடப் பொதுவாகச் சொன்னாள். அப்பா பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தப்பித்தோம் என்று கேப்டன் மூச்சு விட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதோடேயே மைக்கின் முன்னால் போய் நின்றார். செயலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"என் காது நல்லாருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். கண்ணு, இதயம், சர்க்கரை எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் இருக்கு" என்று தொடங்கினார். மூத்தவர்கள் பக்கம் கை தட்டினார்கள். "ஆனா போன மாசம் ஒருத்தர் சொன்னது எனக்குக் கேக்கல. போன வாரம் யாரும் சொல்லாதது கேட்டுச்சு."

கைதட்டல் அப்படியே நின்றது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது வயசா, பயமா, மனசு எங்கயாவது போயிருச்சா, எனக்குத் தெரியல. பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா சொல்ல மாட்டேங்கறாங்க. ஒருத்தர் மரியாதைக்கு மழுப்பிட்டார். இன்னொருத்தர் இப்பதான் பேசிட்டு உக்காந்தாங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ வயசு வரம்பை உயர்த்தக் கூடாதுங்கறீங்களா?"

"அப்படிச் சொல்ல வரலைங்க."

"உயர்த்தலாம்ங்கறீங்களா?"

"அப்படியும் இல்லைங்க. சிலருக்கு அறுபதே அதிகம், சிலர் எழுபதுலயும் ஓட்டுவாங்க. யாரு எதுன்னு எனக்குத் தெரியல. என்னைப் பத்தியே தெரியல. தெரியாதப்ப, பின்னாடி அத்தனை பேரை உக்கார வச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. எனக்கு அது மட்டும்தாங்க தெரியும்."

எந்த அணியில் இவரைச் சேர்ப்பது என்று தெரியாமல் குறிப்பெழுதும் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தலைவியைப் பார்த்தாள். தலைவி அவளைப் பார்த்தார்.

வெளியே நடைபாதையில் மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன்ப்பா சொன்னீங்க?"

"நீ ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல. நீங்க என் அப்பா."

"மேல கேப்டன்னுதானேம்மா கூப்பிட்ட?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவள், அவள் பக்கத்திலும் ஒரு மௌனசாமி வந்து உட்காருவான் என்று சொல்ல நினைத்தார். அதற்குப் பதில் அவள் தோளைத் தட்டிவிட்டு நேரே கம்பெனிக்குப் போனார். குழு என்ன முடிவு செய்தாலும் சரி, இனிமேல் தனக்கு விமானம் ஒதுக்க வேண்டாம் என்று சொன்னார். அங்கிருந்தவர் நம்பாமல், "நிஜமாவா கேப்டன்?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த இரண்டும் கேப்டன் காதில் தெளிவாக விழுந்தன. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

சாயங்காலம் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பர் கையில் இருந்தது, ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. அழ வேண்டும் போலிருந்தது. அழுகை வரவில்லை. அப்போது, "என்னங்க" என்று ஒரு குரல். உடனே எழுந்து சமையலறைக்குப் போனார்.

டீச்சர் அடுப்பின் முன்னால் திடுக்கிட்டுத் திரும்பினார். தட்டு இன்னும் மேசைக்கு வரவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நீ கூப்பிட்டியே."

டீச்சர் அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"நிஜமாச் சொல்லு. கூப்பிட்டியா?"

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, அவர் திரும்பவில்லை.

"கூப்பிட்டேங்க" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது உண்மையா பிரியமா என்று கேப்டனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவது தடவை கேட்கவும் பயமாக இருந்தது. அவரே போய் அடுப்பை அணைத்துவிட்டு, தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.